குரோனோகிராஃப் காட்டும் எண் நம்பும்படி இல்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"அண்ணா, துப்பாக்கி கெட்டுப்போச்சு. நேத்து 172 வந்துச்சு, இன்னைக்கு 140 காட்டுது." இப்படி ஒரு பேச்சு வந்தால் முதலில் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபைப் பாருங்கள், அடுத்து வெளிச்சத்தைப் பாருங்கள். துப்பாக்கி மூன்றாவதுதான். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே அதைத் திறக்கிறார்கள், ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். கடைசியில் பார்த்தால் குற்றம் கூரையில் எரியும் டியூப்லைட்டில் இருக்கிறது.

குண்டின் வேகத்தை அளப்பது நம் நாட்டில் வெறும் ஆர்வத்துக்காக மட்டும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி .177, அதாவது 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூல் ஆற்றலும்தான் ஏர் ரைஃபிளுக்குக் கோடு. அதைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அமெரிக்காவில் வீட்டு மேசையிலேயே தோட்டா நிரப்பி, அதன் வேகத்தை அளந்து, வெடிமருந்தின் எடையைச் சரிசெய்வார்கள். இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிப்பதற்கே லைசென்ஸ் தேவை. அதனால் பெரும்பாலும் பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டை, வைத்தே சொல்லப்போகிறேன். வெளிநாட்டில் தோட்டா நிரப்பும் நம்மவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

அறிகுறி ஒன்றே ஆனாலும் கருவியின் வகையைப் பொறுத்துக் காரணம் மாறும். அதனால் இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

திறந்த வெளிச்சத்தில் வேலை செய்யும் வகைதான் விலை குறைந்தது, அதிகம் புழங்குவதும் அதுதான். ஒரு பெட்டி, அதில் ஒளியை உணரும் இரண்டு கண், மேலே இரண்டு வெள்ளைத் தகடு. குண்டு மேலே பறக்கும்போது அதன் நிழல் முதல் கண்ணைக் கடக்கும், பிறகு இரண்டாம் கண்ணை. இடையில் ஆன நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும். அந்த நேரம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். கண்களுக்கு இடையே ஒரு அடி இருந்தால், வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அதைக் கடக்க வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. ஒரு கண்ணின் மேல் நிழல் விழுந்து விலகுவதோ வினாடியில் லட்சத்தில் மூன்று பங்கு. அவ்வளவு மெல்லிய நிழலைப் பிடிக்கும் கண்ணை மேகமும் விளக்கும் குழப்பிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வகை, பேரல் முனையில் மாட்டும் மூடிய குழாய். உள்ளே அகச்சிவப்பு விளக்கும் சென்சாரும் இருக்கும். வெளி வெளிச்சத்தை அவ்வளவாக நம்பி இருக்காது. ஷெட்டுக்குள் பழகுகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

மூன்றாவது, டாப்ளர் ரேடார். லேப்ரேடார், கார்மின் சீரோ எல்லாம் இந்த வகை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், குண்டு எதன் ஊடாகவும் போக வேண்டியதில்லை, வெளிச்சத்தைப் பற்றிய கவலையும் இல்லை. விலைதான் தடுக்கிறது. சங்கமாகச் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

நான்காவது, பேரலில் பட்டையால் கட்டி, குண்டு கடக்கும்போது காந்தப்புலத்தில் வரும் மாற்றத்தை உணரும் மேக்னெட்டோஸ்பீட் போன்றவை. வேகத்தை நன்றாகவே அளக்கும். ஆனால் பேரல் முனையில் எடை தொங்குவதால் குண்டு விழும் இடம் மாறும். வேகத்தையும், குண்டுகள் அட்டையில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையும் ஒரே நேரத்தில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒத்துவராது.

எதையும் பிரிப்பதற்கு முன்: இலக்கு அட்டையைப் பாருங்கள்

குரோனோ திடீரென்று வேறு எண் காட்டினால், அந்தக் குண்டுகள் அட்டையில் எங்கே விழுந்தன என்று பாருங்கள். இதற்குச் செலவே கிடையாது, இதைவிட நல்ல சாட்சியும் கிடையாது.

கணக்கு இதுதான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மில்லிமீட்டர். 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் பத்து மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இறங்கும். வேகம் 160 ஆனால் சுமார் 21.5. ஆகவே வினாடிக்கு 10 மீட்டர் குறைந்தால் குண்டு ஏறத்தாழ ஒரு வளையம் கீழே விழ வேண்டும். 140 என்று குரோனோ சொல்வது உண்மையானால் மூன்று வளையத்துக்கு மேல் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

அட்டையில் குண்டுகள் பழைய இடத்திலேயே விழுகின்றன, திரையில் மட்டும் 140 என்றால் துப்பாக்கியைத் தொடாதீர்கள். கோளாறு கருவியில் அல்லது வெளிச்சத்தில். அட்டையிலும் இறங்கியிருந்தால் துப்பாக்கியைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். ஸ்டாண்டில் வைத்துச் சுட்டால்தான் இந்தச் சோதனை செல்லும், கையில் பிடித்துச் சுட்டால் உங்கள் ஆட்டமே ஒரு வளையம் இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் உதைப்பும் சேர்ந்து குழப்பும் என்பதால் அதில் பத்துக் குண்டாவது சுட்டுச் சராசரி இடத்தைப் பாருங்கள்.

சுட்டாலும் ஒன்றும் காட்டவில்லை, அல்லது எர்ரர் வருகிறது

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் பல கருவிகள் அணைந்துபோகாது, திரை எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் குண்டைத் தவறவிடும், சில சமயம் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். லாங் பஜாரில் கிடைக்கும் மலிவான பேட்டரியைப் போட்டுவிட்டு அரை நாள் தேடுவதைவிட நல்ல ஆல்கலைன் ஒன்றைப் பையில் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது குண்டு போகும் உயரம். கண்ணுக்கு மேல் பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டரில் போனால் நல்லது. மிக உயரத்தில் போனால் பெல்லட்டின் நிழல் மெலிந்து கண்ணுக்குத் தெரியாது. தோட்டாவுக்குப் போதுமான உயரம் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு அதிகமாகிவிடலாம். இரண்டு கண்ணுக்கும் நேர் மேலே, நடுவாகப் போகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நூலைப் பேரல் முனையிலிருந்து இலக்கு வரை இழுத்துக் கட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நூல் கட்டும்போதும் கருவியைத் தொடும்போதும் துப்பாக்கி காலியாக, திறந்த நிலையில் மேசைமேல் இருக்க வேண்டும், யாரும் அதன் பக்கத்தில் நிற்கக்கூடாது. குரோனோகிராஃப் இருப்பது குண்டு பறக்கும் பாதையில் என்பதை ஒரு நொடியும் மறக்காதீர்கள்.

அப்புறம் கண்ணைத் துடையுங்கள். பாலாற்றங்கரைக் காற்றில் வரும் நுண்மணல் அந்தச் சின்னக் குழியில் படிந்துவிடும். திறந்த வெளியில் வைத்துவிட்டு வந்தால் சிலந்தி உள்ளே நூல் கட்டியிருக்கும். மெல்லிய தூரிகை போதும், ஈரத்துணி வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பேசவில்லை என்றால் கருவியைச் சுடும் பாதையிலிருந்து வெளியே எடுத்து வந்து, கையை முன் கண்ணிலிருந்து பின் கண்ணுக்கு வேகமாக வீசிப் பாருங்கள். ஏதாவது ஓர் எண்ணோ எர்ரரோ வந்தால் மின்சுற்று உயிரோடு இருக்கிறது, குற்றம் வெளிச்சத்திலோ குண்டின் பாதையிலோ இருக்கிறது. எதுவுமே வரவில்லை என்றால் ஒயரும் இணைப்பும் பாருங்கள். மடிக்கும் வகைக் கருவிகளில் கீல் இருக்கும் இடத்தில்தான் ஒயர் அறுந்துபோகும்.

காலையில் சரியாக இருந்தது, வெயில் ஏறினால் எண் எகிறுகிறது

வேலூரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். காலை ஏழு மணிக்கு 170, 171, 169 என்று ஒழுங்காக வரும். பத்து மணிக்கு மேல் 184, 151, எர்ரர், 230. கத்திரி வெயிலில் இன்னும் மோசம்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகத் தெரியும். கண் தேடுவது ஒரே சீரான வெள்ளைப் பின்னணியில் ஓடும் கறுப்புப் புள்ளியை. உச்சி வெயிலில் ஈயப் பெல்லட் பளபளக்கும். ஒரு பக்கம் கறுப்பாக, ஒரு பக்கம் வெள்ளிக் கோடாக. முதல் கண் பெல்லட்டின் மூக்கைப் பார்த்து மணியை ஓட விடும், இரண்டாம் கண் பளபளப்பால் ஏமாந்து வாலைப் பார்த்து நிறுத்தும். பெல்லட்டின் நீளம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். ஒரு அடி இடைவெளியில் ஐந்து மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 1.6 சதவீதம். சூரிய ஒளி நேராகக் கண்ணுக்குள் விழுந்தாலோ அது குருடாகிவிடும், அப்போது கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கருவியோடு வந்த வெள்ளைத் தகடுகளை மாட்டாமல் சுடுகிறவர்கள் நிறைய. மேகம் மூடிய நாளில் அவை தேவையில்லை, வானமே பெரிய வெள்ளைத் தகடாக இருக்கும். வேலூர் வானத்துக்கு ஆண்டின் பெரும்பகுதி அவை இல்லாமல் ஆகாது. தொலைந்துவிட்டால் டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கம்பிச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளலாம், நன்றாகவே வேலை செய்யும். தகட்டின் அகலம் முக்கியம். வெயில் சாய்ந்து வரும் நேரத்தில் சிறிய தகட்டின் ஓரத்தைத் தாண்டி ஒளி கண்ணில் விழும்.

தகடு மாட்டியும் எகிறினால் கருவி முழுவதையும் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: வேப்பமர நிழல் நிழலே அல்ல. இலை ஆட ஆட ஒளிப்பொட்டுகள் கண்ணின் மேல் ஓடும், ஒவ்வொரு பொட்டையும் கருவி குண்டு என்று நினைக்கும். ஆணி ஓட்டை விழுந்த தகரக் கூரையும் அப்படித்தான். ஒரு அட்டைப்பெட்டியின் இரு முனையையும் திறந்து, உள்பக்கம் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கருவியை உள்ளே வைத்து, மேலிருந்து பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு ஒன்றைப் பொருத்திவிட்டால் காலை, மாலை, மேகம், வெயில் எல்லாம் ஒன்றுதான். இருக்கும் வழிகளில் எனக்கு இதுவே மிகப் பிடித்தது. ஒரு நாள் செலவழித்துச் செய்துவிட்டால் பல வருடம் வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெல்லட்டின் மேல் கறுப்பு மார்க்கர் பூசினால் பளபளப்பு குறையும் என்பார்கள். உண்மைதான், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஐந்து குண்டுக்குப் பூசிப் பாருங்கள். எண் சீரானால் நோய் வெளிச்சம்தான். தினமும் பூசிக்கொண்டிருக்க வேண்டாம்.

அகச்சிவப்புக் குழாய் வகைக்கும் வெயில் முழுக்க ஆகாது. சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம். குழாயின் வாய் கிழக்கையோ மேற்கையோ பார்த்து, தாழ்ந்த சூரியன் நேராக உள்ளே அடித்தால் அதுவும் தடுமாறும்.

ஷெட்டுக்குள் சுடாமலேயே எண் வருகிறது

டியூப்லைட். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். நம் கண்ணுக்குத் தெரியாது, குரோனோவின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மலிவான எல்இடி விளக்குகளும், மங்கலாக்கும் வசதி கொண்ட எல்இடி பட்டைகளும் இதே வேலையைச் செய்யும்.

சோதனை எளிது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கருவிக்கு மேல் ஒரு டார்ச் அல்லது பழைய குண்டு பல்பு மட்டும் வையுங்கள். பொய் எண்கள் நின்றுவிட்டால் விடை கிடைத்தது. குண்டு பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அதன் ஒளி அவ்வளவாகத் துடிக்காது. பேட்டரியில் நேராக எரியும் விளக்கு அதைவிட நல்லது.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் தொல்லை வருகிறது என்றால் அதுவும் இதேதான். மலிவு இன்வெர்ட்டரின் மின்சாரம் சீரான அலையாக இராது, விளக்குகள் வேறு மாதிரி துடிக்கும். மதியம் வரைக்கும் நன்றாக இருந்த துப்பாக்கி பவர் கட்டில் கெட்டுப்போகாது.

அட்டையிலும் குண்டு இறங்குகிறது: வேகம் உண்மையிலேயே குறைகிறது

இப்போதுதான் துப்பாக்கியின் முறை. எந்த மாதிரி குறைகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

காற்றுச் சிலிண்டர் வைத்த பிசிபி துப்பாக்கியில் பல குண்டு வரை சீராக வந்து, பிறகு ஒரே சரிவாக இறங்கினால் சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழே போய்விட்டது. காற்று நிரப்பினால் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்து சுடும்போது முதல் குண்டு மட்டும் வேகமாக, அடுத்தவை ஒழுங்காக வந்தால், அந்த நேரத்தில் ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது. அப்போது ரெகுலேட்டரின் சீலைப் பார்க்கலாம், ஆனால் தெரிந்த ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். 200 பார் அழுத்தம் விளையாட்டுப் பொருள் அல்ல.

கார்பன் டை ஆக்சைடு வாயுவில் இயங்கும் சிஓ2 துப்பாக்கி வெப்பத்தோடு சேர்ந்து ஆடும். 20 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று இராது, அழுத்தம் வேகமாக ஏறும். மே மாதத்து வேலூரில் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே துப்பாக்கியில் அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் வாயு விரிந்து குளிர்ந்து, வேகம் இறங்கும். ஆக, மார்கழியில் எடுத்த எண்ணையும் கத்திரியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை. சிலிண்டரை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் முதல் சில குண்டு மிக வேகமாக, புகையோடும் சத்தத்தோடும் போனால் எண்ணெய் எரிகிறது. யாரோ பிஸ்டனுக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அப்போது வரும் வேகத்தை வைத்துத் துப்பாக்கியின் ஆற்றலைக் கணக்குப் போடக்கூடாது. எண்ணெய் எரிந்து தீர்ந்து புகை நின்ற பிறகு வருவதே உண்மையான வேகம். தொடர்ந்து அப்படியே எரிந்தால் சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

இரண்டு குரோனோ, இரண்டு எண்: யாரை நம்புவது?

நண்பனுடையது 172 என்கிறது, உங்களுடையது 170 என்கிறது. உடனே சண்டை வேண்டாம், ஒரு சதவீத வித்தியாசம் சாதாரணம். நான்குக்கு மேல் போனால் தேட வேண்டும். அதற்கும் முன் ஒப்பிட்ட விதம் சரியா என்று பாருங்கள். அவர் போன வாரம் சத்துவாச்சாரியில் சுட்டது ஒன்று, நீங்கள் இன்று காட்பாடியில் சுட்டது வேறு, பெல்லட்டும் வேறு என்றால் அது ஒப்பீடே அல்ல.

ஒரே குண்டு இரண்டு கருவியையும் கடக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வையுங்கள். பத்துக் குண்டு சுட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் இரு எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு கருவிகளின் இடத்தை மாற்றி வைத்து இன்னொரு பத்து. இடம் மாற்றுவது மிக முக்கியம். தட்டையான மூக்குள்ள பந்தயப் பெல்லட் பத்து மீட்டருக்குள் தன் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும், மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம். ஒரு மீட்டரில் இருக்கும் கருவியும் இரண்டு மீட்டரில் இருக்கும் கருவியும் இரண்டுமே சரியாக இருந்தாலும்கூட ஒரே எண்ணைக் காட்டாது. லேப்ரேடார் பேரல் முனையில் இருந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்லும். கண் வைத்த கருவி தான் நிற்கும் இடத்து வேகத்தைச் சொல்லும். ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எழுதிய வரிகளை இப்போது பாருங்கள். பத்து வரியிலும் ஒரு கருவி ஒரே அளவு, உதாரணத்துக்கு 2 சதவீதம், கூடுதலாகக் காட்டினால் அது நல்ல கருவிதான். கண்களின் இடைவெளி சரியில்லை, அவ்வளவே. ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 30.48 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு முழுதும் திறக்காமல் 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் எண் ஒரு சதவீதம் கூடும். வித்தியாசம் ஒரு வரியில் 1, அடுத்ததில் 9, அதற்கடுத்ததில் மைனஸ் 4 என்று அலைந்தால்தான் கவலை. அலையும் கருவி எது என்பதை அட்டையை வைத்தோ மூன்றாவது கருவியை வைத்தோ கண்டுபிடியுங்கள்.

சாய்வும் ஒரு காரணம். கருவி குண்டின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருந்தால் எண் 0.4 சதவீதம் குறையும், 10 டிகிரி என்றால் 1.5. கண்ணால் பார்த்து நேராக்கினாலே போதும், அதற்குமேல் மெனக்கெட வேண்டாம்.

ஓலர் 35 என்ற அமெரிக்கக் கருவியின் யோசனை எனக்கு மிகப் பிடிக்கும். அதில் இரண்டல்ல, மூன்று கண்கள். ஒரே குண்டை இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணின்மேல் குறி போட்டுவிடும். தன்னைத் தானே சந்தேகப்படும் கருவி அது. நாம் இரண்டு கருவியை வரிசையாக வைத்துச் செய்வதும் அதையேதான்.

ரேடார் சில குண்டைத் தவறவிடுகிறது

பெரும்பாலும் திசை. லேப்ரேடாரை இலக்கை நோக்கிக் கவனமாகக் குறி பார்த்து வைக்க வேண்டும், முக்காலியில் கொஞ்சம் திரும்பினாலும் பெல்லட் அதன் பார்வைக்கு வெளியே போய்விடும். பெல்லட் சின்னது, திருப்பி அனுப்பும் எதிரொலியும் சின்னது, அதனால் தோட்டாவுக்குக் கிடைக்கும் தூரம் இதற்குக் கிடைக்காது. ஏர் ரைஃபிளுக்கென்று தனி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஏர் ரைஃபிளின் சத்தம் குறைவு என்பதால் சத்தத்தில் விழித்துக்கொள்ளும் கருவியின் மைக்கைப் பேரல் முனைக்கு அருகில் கொண்டுபோங்கள்.

பக்கத்து லேனில் இன்னொரு ரேடார் ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பலாம், அலைவரிசை மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். ரேடாருக்கு அசைவதெல்லாம் பொருள்தான். எதிரே சுற்றும் ஃபேனை நிறுத்திவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.

வேகம் சரி, ஜூல் கணக்கு இடிக்கிறது

எடையைப் பாருங்கள். கணக்கு இதுதான்: கிலோகிராமில் எடை, அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 0.547 கிராம், அதாவது 8.44 கிரெய்ன் பெல்லட் 175 மீட்டரில் போனால் ஏறத்தாழ 8.4 ஜூல். அதே பெல்லட் 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல். பந்தய ஏர் ரைஃபிள் அந்த எல்லைக்கு வெகு தொலைவில்தான் இருக்கிறது. தோட்டத்துக்கு என்று வாங்கும் வலுவான துப்பாக்கிகளில்தான் கவனம் வேண்டும்.

டப்பாவில் அச்சிட்ட எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுச் சமையல் தராசு இதற்கு ஆகாது. தெரிந்த நகைக்கடையில் மில்லிகிராம் தராசு இருக்கும், இருபது பெல்லட்டை ஒன்றாகப் போட்டு நிறுத்து இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள். வேகம் மூன்று மடங்குக்கு மேல், 560 என்பதுபோல் வந்தால் கருவி அடிக் கணக்கில் இருக்கிறது. 0.3048 ஆல் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும்.

திட்ட விலக்கம் ஒவ்வொரு நாளும் ஒன்று வருகிறது

வேகம் குண்டுக்குக் குண்டு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் திட்ட விலக்கம். ஐந்து குண்டு சுட்டால் அப்படித்தான் வரும். ஐந்து குண்டில் திட்ட விலக்கம் 2 என்று கருவி சொன்னால், உண்மையான மதிப்பு 1.2 இலிருந்து 5.7 வரை எங்கேயும் இருக்கலாம். பத்துக் குண்டில் 1.4 இலிருந்து 3.7. இருபது சுட்டால்தான் 1.5 இலிருந்து 2.9 என்று ஓரளவுக்கு நெருங்கும். இது கருவியின் குறை அல்ல, கணக்கின் இயல்பு. ஐந்து குண்டை வைத்து "இந்தப் பெல்லட் அதைவிட நல்லது" என்று முடிவெடுத்து டப்பா டப்பாவாக வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிக்கும் பிள்ளைகளின் காசு அது.

தோட்டா நிரப்புகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கும், இங்கே லைசென்ஸோடு .22 சுடுகிறவர்களுக்கும் இது. வெடிமருந்துத் துப்பாக்கியில் எண் கன்னாபின்னாவென்று வந்தால் முதல் சந்தேகம் வாய்க்காற்றின் மேல். குண்டுக்கு முன்னும் பின்னும் வரும் அழுத்த அலையும், எரியாத மருந்துத் துகள்களும் கண்ணை ஏமாற்றும். கருவியை மூன்றிலிருந்து நாலரை மீட்டர் தள்ளி வையுங்கள். ஏர் ரைஃபிளுக்கு ஒரு மீட்டரே போதும்.

நிரப்பிய தோட்டா கையேட்டில் உள்ளதைவிட வேகமாகப் போகிறது என்று கருவி காட்டினால், முதலில் கருவி தவறா என்று இன்னொன்றை வைத்துப் பாருங்கள். கருவி சரி என்றால் அழுத்தமும் கூடியிருக்கிறது என்று பொருள். சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு மருந்தைக் குறையுங்கள். வேகம் குறைவாகக் காட்டுகிறது என்று கையேட்டின் உச்ச அளவைத் தாண்டி மருந்தை ஏற்றவே கூடாது. அந்தக் கருவியின் கண்ணில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

செல்போன் ஆப்பில் எண் கூடுதலாக வருகிறது

சுட்ட சத்தத்துக்கும் அட்டையில் பட்ட சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்தைக் கேட்டுக் கணக்கிடும் ஆப் இது. ஒலியின் வேகம் 15 டிகிரியில் வினாடிக்கு 340 மீட்டர், 40 டிகிரியில் 355. ஆப்பில் வெப்பநிலையை மாற்றாமல் விட்டால் கத்திரி வெயிலில் மூன்று நான்கு மீட்டர் கூடுதலாகக் காட்டும். அது சொல்வது பேரல் முனை வேகமும் அல்ல, பத்து மீட்டரின் சராசரி. சும்மா பார்த்துக்கொள்ளலாம், 20 ஜூல் கேள்விக்கு இதை நம்ப வேண்டாம்.

திரை முழுக்கக் கறுத்துவிட்டது

வெயிலில் எல்சிடி திரை சூடானால் கறுக்கும். நிழலில் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். திரை தனியாக ஒயரில் வரும் மாதிரியை வாங்கினால் அதை மேசை நிழலிலேயே வைத்துக்கொள்ளலாம், குண்டு பாதைக்கும் அது போக வேண்டியதில்லை.

குண்டு கருவியிலேயே பட்டுவிட்டது

ஸ்கோப் பேரலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், கிட்டத்தில் வைத்த கருவி ஸ்கோப்பில் கீழே தெளிவாக விலகித் தெரியும், பேரல் மட்டும் அதை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். நூல் கட்டிப் பார்ப்பது இதற்கும்தான். கண் உடைந்தால் கருவி போச்சு. தகட்டைத் தாங்கும் கம்பியில் பட்டால் குண்டு திரும்பி வரும், கண்ணாடி போடாமல் அங்கே யாரும் நிற்கக்கூடாது. அந்த உலோகக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதே தடிமனில் மூங்கில் குச்சி செருகிவிடுங்கள். பட்டால் குச்சி முறியும், அடுத்ததைச் செருகிக்கொண்டு சுடலாம்.